ஸ்டாலின் ஓராண்டு முன்னதாகச் செத்திருந்தால் கொரியப் போர் எப்படி முடிந்திருக்கும்?

வாசகர் கேள்வி, மார்ச் 4

சர்வாதிகாரி ஒருவன் சீக்கிரம் செத்திருந்தால் போரின் போக்கே மாறியிருக்கும் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆள்பலம், தளவாடம், தொழிற்சாலை, பணம், இவைதான் போரைத் தீர்மானிக்கும். ஒருவன் போனால் அதே நாற்காலியில் இன்னொருவன் வந்து உட்காருவான். கற்பனைக் கதை வேண்டாம், நடந்ததில் ஆதாரம் இருந்தால் காட்டுங்கள்.

மார்ச் 4, இரவு

நடந்ததே இருக்கிறது. 1953 மார்ச் 5 இரவு 9.50க்கு ஸ்டாலின் உயிர் போனது. அதே வருஷம் ஜூலை 27 காலை பத்து மணிக்குப் பன்முன்ஜோமில் கொரியப் போர்நிறுத்தம் கையெழுத்தாகிவிட்டது (ஒரு பக்கம் வடகொரியாவும் சீனாவும், அவர்களுக்குப் பின்னால் சோவியத்; மறுபக்கம் தென்கொரியாவும் அமெரிக்கா தலைமையிலான ஐ.நா. படையும்). இடையில் ஐந்து மாதம்கூட இல்லை. அதற்கு முன்னால் 1951 ஜூலை 10 முதல் பேசிக்கொண்டே இருந்தார்கள், பேசப் பேச ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள்.

இந்த மாதிரிக் கேள்வி வந்தாலே எல்லாரும் ஹிட்லரிடம்தான் போவார்கள். மூனிச் பீர்க்கூடத்தில் தச்சர் கியோர்க் எல்சர் வைத்த குண்டு 1939 நவம்பர் 8 இரவு 9.20க்கு வெடித்தது, ஹிட்லர் 9.07க்கே கிளம்பிவிட்டார், அந்தப் பதின்மூன்று நிமிஷத்தை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் அது நடக்கவில்லை. கொரியாவில் சர்வாதிகாரி உண்மையிலேயே போர் நடுவில் செத்தார், அப்புறம் என்ன ஆனது என்று தேதி வாரியாகத் தெரியும். அதையே ஒரு வருஷம் முன்னுக்கு இழுத்துப் பார்ப்போம்: 1952 மார்ச்சில் செத்திருந்தால்?

மார்ச் 5, காலை

"காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான சந்தேகம். அமெரிக்க அதிபர் ஐசனோவர் அந்த ஜனவரியில்தான் பதவிக்கு வந்தார், அணுகுண்டு மிரட்டல் இருந்தது, வடகொரியாவில் குண்டு போட இடமே மிச்சமில்லை, மே 13 அன்று டோக்சன் அணையை உடைத்து நெல்வயல்களை மூழ்கடித்தார்கள். இவையும் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. 1953-இன் தேதிகளை மட்டும் பாருங்கள்.

பிப்ரவரி 22: ஐ.நா. படைத்தளபதி மார்க் கிளார்க், நோயாளிக் கைதிகளையும் காயம்பட்ட கைதிகளையுமாவது இப்போதே மாற்றிக்கொள்ளலாமே என்று வடகொரியத் தலைவர் கிம் இல்-சுங்குக்கும் சீனத் தளபதி பெங் தெகுவாய்க்கும் கடிதம் எழுதுகிறார். பதில் இல்லை. மார்ச் 5: ஸ்டாலின் மரணம். மார்ச் 15: போரால் தீர்க்கவேண்டிய விவகாரம் எதுவும் நமக்கு யாரோடும் இல்லை என்ற தோரணையில் ஸ்டாலின் இடத்துக்கு வந்த மாலென்கோவ் பேசுகிறார். மார்ச் 19: போரை முடித்துக்கொள்ள வழி பார்க்கச் சொல்லி மாவோவுக்கும் கிம்முக்கும் எழுத சோவியத் அமைச்சரவை தீர்மானிக்கிறது. மார்ச் 28: கிளார்க்குக்குச் சம்மதக் கடிதம். மார்ச் 30: ஊருக்குத் திரும்ப மறுக்கும் கைதிகளை ஒரு நடுநிலை நாட்டிடம் ஒப்படைக்கலாம் என்று சீனப் பிரதமர் சூ என்லாய் அறிவிக்கிறார். ஏப்ரல் 20: முதல் கைதி மாற்றம்.

அணையை உடைத்தது மே மாதம். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸ் டெல்லிக்கு வந்து நேருவிடம், பேச்சு முறிந்தால் அமெரிக்கா இன்னும் பலமாக அடிக்கும் என்று சொன்னதும் மே மாதம்தான் (அதைச் சீனாவுக்கு நான் கடத்தவில்லை என்று நேரு பின்னால் சொன்னார்). பெரிய திருப்பம் மார்ச்சிலேயே நடந்துவிட்டது. ஏப்ரலில் விழுந்த பழத்துக்கு மே மாதக் காக்கையைக் காரணம் சொல்ல முடியாது சார்.

மார்ச் 5, மதியம்

இதைவிட வலுவான ஆதாரம் ஒன்று இருக்கிறது. அதில் நம் ஆள் சம்பந்தப்பட்டிருப்பதாலோ என்னவோ நாமே அதை மறந்துவிடுகிறோம். 1952 இறுதியில் ஐ.நா.வில் வி.கே. கிருஷ்ண மேனன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கைதி எவனையும் வலுக்கட்டாயமாக அனுப்பவும் கூடாது, வலுக்கட்டாயமாகத் தடுக்கவும் கூடாது, நடுநிலை நாடுகளின் ஆணையம் ஒன்று பார்த்துக்கொள்ளட்டும் என்பது சாரம். சோவியத் பிரதிநிதி விஷின்ஸ்கி அதைக் கிழிகிழி என்று கிழித்தார். டிசம்பர் 3 அன்று பொதுச்சபையில் தீர்மானம் நிறைவேறியது, சீனா உடனே நிராகரித்தது. நாலு மாதம் கழித்து சூ என்லாய் ஒத்துக்கொண்டது ஏறக்குறைய அதே ஏற்பாட்டைத்தான்.

டிசம்பரில் விஷம், மார்ச்சில் மருந்து. நடுவில் போர்முனையில் பெரிதாக எதுவும் மாறவில்லை. மாஸ்கோவில் ஒரு நாற்காலி காலியானது, அவ்வளவுதான்.

மார்ச் 5, இரவு

இரண்டு வருஷம் அப்படி என்னதான் பேசினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் உட்காரும் விஷயமே பெரிய விஷயம். பேச்சு தொடங்கிய கேசொங் ஊரில் அமெரிக்க அட்மிரல் ஜாயை உயரம் குறைந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள், எதிரே வடகொரிய ஜெனரல் நாம் இல் உயரமாக உட்கார்ந்துகொண்டார். ஐ.நா. தரப்பு மேஜைமேல் ஒரு குட்டிக் கொடி வைத்தது, அடுத்த அமர்வில் எதிர்த்தரப்பு அதைவிடப் பெரிய கொடியோடு வந்தது. 1951 ஆகஸ்ட் 10 அன்று ஒரு கட்டத்தில் இரு தரப்பும் ஒருவரை ஒருவர் முறைத்தபடி 2 மணி 11 நிமிஷம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். சண்டை போட்ட சம்பந்திகள்கூட அரைமணியில் காபி கேட்டுவிடுவார்கள்.

ஆனால் உருப்படியான வேலையும் நடந்தது, என் வாதத்துக்கு அதுதான் அடிப்படை. 1951 நவம்பர் 27 அன்று எல்லைக்கோடு எது என்பதை ஒத்துக்கொண்டார்கள். முப்பது நாளுக்குள் மற்றதெல்லாம் முடிந்தால் அன்றைய போர்முனையே எல்லை. முப்பது நாளில் முடியவில்லை. ஆனாலும் 1953-இல் கடைசியாக வரைந்த கோடு அதிலிருந்து ரொம்ப தூரம் நகரவில்லை, அங்கங்கே சில குன்று, சில பள்ளத்தாக்கு மட்டும் கைமாறியது. ஆக, வரைபடம் 1951 முடிவிலேயே ஏறக்குறைய தயார்.

மிச்சம் இருந்த பெரிய தகராறு கைதிகள். டிசம்பர் 18 அன்று பட்டியல் மாற்றிக்கொண்டார்கள்: ஐ.நா. தரப்பு பிடித்து வைத்திருந்தது 1,32,000 பேர், எதிர்த்தரப்பு பிடித்து வைத்திருந்தது வெறும் 11,559 பேர். விருப்பமுள்ளவனை மட்டும்தான் அனுப்புவோம் என்று 1952 ஜனவரியில் அமெரிக்கா சொன்னது. போர் முடிந்ததும் கைதிகளைத் தாமதமின்றி அனுப்பு என்று 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின் 118-ஆவது பிரிவு சொல்கிறதே என்று சீனா கேட்டது. சட்டப்படி பார்த்தால் சீனா சொன்னதில் பலம் உண்டு. ஏப்ரலில் கைதிகளை விசாரித்துப் பார்த்தால் சுமார் 70,000 பேர்தான் திரும்பச் சம்மதித்தார்கள். பெய்ஜிங்குக்கு இது பெருத்த அவமானம். அங்கே முட்டியது வண்டி.

அந்த முட்டலுக்கு விலை: அமெரிக்கத் தரப்பின் மொத்த உயிர்ச்சேதம், காயம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 45 விழுக்காடு பேச்சுவார்த்தை தொடங்கிய பிறகு வந்தது. சீன, கொரியத் தரப்புக்குக் குறைவாகவா இருந்திருக்கும்?

மார்ச் 6

"இதில் ஸ்டாலினுக்கு என்ன லாபம், அவர் படையே அனுப்பவில்லையே" என்று ஒரு தம்பி கேட்கிறார்.

படை அனுப்பாததுதான் தம்பி லாபம். விமானிகளை மட்டும் அனுப்பினார், மிக்-15-இல் சீன, கொரிய அடையாளம் பூசி, எதிரி கையிலிருக்கும் பகுதிக்கு மேலே பறக்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு. 1951 ஜூன் தொடக்கத்தில் மாவோவுக்கு அவர் எழுதிய தந்தி இப்போது எல்லாரும் படிக்கக் கிடைக்கிறது. போரை அவசரப்பட்டு முடிக்க வேண்டாம், நீண்ட போரில் சீனப் படை நவீன யுத்தம் கற்றுக்கொள்ளும், அமெரிக்காவில் ட்ரூமன் ஆட்சி ஆட்டம் காணும் என்று போகிறது அது. அடுத்த வருஷம் ஆகஸ்டில் சூ என்லாய் மாஸ்கோ போனபோது நடந்த பேச்சின் குறிப்பு இன்னும் மோசம். வடகொரியர்கள் இந்தப் போரில் ஆள்சேதத்தைத் தவிர வேறெதையும் இழக்கவில்லை என்கிறார் ஸ்டாலின். அமெரிக்கர்கள் வியாபாரிகள், காலுறையும் சிகரெட்டும்தான் அவர்கள் ஆயுதம், இரண்டு வருஷமாகியும் குட்டிக் கொரியாவைப் பிடிக்க முடியவில்லை என்று கிண்டல் வேறு.

ஆள்சேதத்தைத் தவிர வேறெதுவும் இல்லையாம். இந்தக் குறிப்பை முதல் தடவை படித்தபோது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன்.

மார்ச் 7

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு ஆசிரியை தனிமடலில் ஒரு குட்டு வைத்தார்: "ஸ்டாலினைப் போட்டு வாங்குகிறீர்கள், மாவோ என்ன பச்சைக் குழந்தையா?" சரிதான். 1952 ஜூலையில் கிம் இல்-சுங்கே போதும் சாமி என்ற நிலைக்கு வந்துவிட்டார். அவர் ஊரில்தானே குண்டு விழுகிறது. அமெரிக்கா சொல்லும் கைதிக் கணக்கை ஒத்துக்கொண்டு முடித்துவிடலாம் என்று நினைத்தார். மறுத்தவர் மாவோ. மறுத்துவிட்டு ஸ்டாலினிடம் கேட்டார், ஸ்டாலின் மாவோ சொல்வதுதான் சரி என்றார்.

அப்படியானால் தடை மாவோதானோ? இதை மண்டையில் போட்டு உருட்டினேன். எனக்குப் படுவது இது: மாவோவின் வீம்புக்கு மாஸ்கோவின் கடன் தேவைப்பட்டது. துப்பாக்கி, பீரங்கி, விமானம், 1953-இல் தொடங்கவேண்டிய முதல் ஐந்தாண்டுத் திட்டத்துக்கான தொழிற்சாலை, எல்லாம் அங்கிருந்து வரவேண்டும். கடன் கொடுப்பவனே "இழு, இழு" என்று சொல்லும்போது வீம்பு பிடிப்பதில் நஷ்டமில்லை. அவனே "முடித்துக்கொள்" என்றால் கதை வேறு. சூ என்லாய் ஸ்டாலினின் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்துவிட்டு, அதே பயணத்தில் புதிய தலைவர்களோடு உட்கார்ந்து இதைப் பேசி முடித்துவிட்டுத்தான் பெய்ஜிங் திரும்பினார்.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். ஸ்டாலின் தனியாளாகப் போரை இழுத்தார் என்பது மிகை. மூன்று பேரில் ஒருவர் களைத்துவிட்டார், ஒருவருக்கு மானப் பிரச்சினை, மூன்றாமவருக்கு மட்டும் போர் நீள்வதே ஆதாயம். செத்தது அந்த மூன்றாமவர். கிம் செத்திருந்தால் அவர் இடத்தில் இன்னொரு கிம், போர் அப்படியே ஓடியிருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

கேள்வி கேட்ட நண்பர் ஆள்பலம், தளவாடம் என்றாரே, அது வரைபடத்துக்குப் பொருந்தும். 1951-க்குப் பிறகு எந்தச் சாவும் எல்லைக்கோட்டை நகர்த்தியிருக்காது. எப்போது நிறுத்துவது என்பதைத் தளவாடமா தீர்மானித்தது?

மார்ச் 7, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. தேதியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன்.

1945 அக்டோபரில் ஸ்டாலினுக்கு உடம்பு ரொம்ப முடியாமல் போனது, மாதக்கணக்கில் தெற்கே ஓய்வில் இருந்தார். அப்போதே போயிருந்தால் பனிப்போரே வேறு மாதிரி, அது இந்த இழைக்குள் அடங்காது.

1949 என்று வைத்தால்தான் சுவாரசியம். அந்த வருஷம் முழுக்கத் தெற்கே படையெடுக்க அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார் கிம். செப்டம்பரில் மாஸ்கோ தெளிவாகவே முடியாது என்றது. 1950 ஜனவரி 30 அன்றுதான் ஸ்டாலின் தன் தூதர் மூலமாக, பேசலாம் வா என்று சொல்லி அனுப்பினார். வசந்தகாலத்தில் கிம் மாஸ்கோ போனார், மாவோவும் சம்மதிக்கவேண்டும் என்றார் ஸ்டாலின், மே மாதம் கிம் பெய்ஜிங் போனார், ஜூன் 25 அன்று எல்லை தாண்டினார். இந்த வரிசையில் 1950 ஜனவரிக்கு முன்னால் ஸ்டாலினை எடுத்துவிட்டால், நாற்காலிக்கு அடித்துக்கொண்டிருக்கும் வாரிசுகள் யாராவது இப்படி ஒரு பச்சைக்கொடி காட்டியிருப்பார்களா? எனக்குச் சந்தேகம். எல்லைச் சண்டை நடந்திருக்கும், அது 1949-இலேயே நடந்துகொண்டுதான் இருந்தது. டாங்கிகளோடு மூன்று நாளில் சோல் வரை போகும் போர் நடந்திருக்காது.

1950 டிசம்பரில் செத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அப்போது மாவோ வென்றுகொண்டிருந்தார், ஜனவரி 4 அன்று சோலைப் பிடித்தார்கள். ஜெயிக்கிறவனை யார் நிறுத்துவது?

1951 டிசம்பர் அல்லது 1952 மார்ச் என்றால் என் கட்சி பலமாகிறது. கோடு முடிவாகிவிட்டது, கைதி விவகாரம் மட்டும் பாக்கி. மாஸ்கோவில் புதியவர்கள், அவர்களுக்கு உள்வீட்டு வேலையே தலைக்குமேல்.

மார்ச் 8

"ட்ரூமனை விட்டுவிட்டீர்களே" என்று இரண்டு பேர். விடவில்லை, வரிசையில் இருந்தார். 1952 மே மாதம், மனிதர்களைக் கொலைக்கோ அடிமைத்தனத்துக்கோ ஒப்படைத்து நாங்கள் போர்நிறுத்தம் வாங்கமாட்டோம் என்று அறிவித்தவர் அவர், இறங்கி வந்திருக்கமாட்டார். அதே வாரம் கோஜே தீவு முகாமில் கைதிகள் முகாம் தளபதி ஜெனரல் டாட்டையே பிடித்து உள்ளே வைத்துக்கொண்டார்கள். சிறைக்காவலரைக் கைதிகள் கைது செய்த கூத்து.

ஆனால் யோசித்துப் பாருங்கள், 1953-இலும் அமெரிக்கா இறங்கி வரவில்லை. கம்யூனிஸ்ட் தரப்புதான் இறங்கியது. நடுநிலை நாட்டிடம் ஒப்படைப்பது என்ற ஏற்பாட்டை அமெரிக்கா 1952 டிசம்பரிலேயே ஐ.நா.வில் ஆதரித்து ஓட்டுப் போட்டுவிட்டது. ஆகவே 1952 வசந்தத்தில் சூ என்லாய் அந்த வாசகத்தோடு வந்திருந்தால் ட்ரூமன் வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. தேர்தல் வருஷம் வேறு.

மார்ச் 8, மாலை

சாவைப் பற்றியே ஒரு கிளைக்கதை, கேட்டவர்களுக்காக.

பிப்ரவரி 28 இரவு மாஸ்கோவுக்கு அருகே குன்ட்செவோ பண்ணைவீட்டில் ஸ்டாலினுக்குத் தன் சகாக்கள் மாலென்கோவ், பெரியா, குருஷேவ், புல்கானின் நான்கு பேரோடு விருந்து. விடியற்காலை நாலு மணி வாக்கில் கலைந்தார்கள். மறுநாள் பகல் முழுக்க அறையில் அசைவில்லை. கூப்பிடாமல் உள்ளே போகக்கூடாது என்பதால் காவலர்கள் வெளியிலேயே நின்றார்கள். மாலை ஆறரைக்கு விளக்கு எரிந்தது, அப்பாடா என்றார்கள். அப்புறமும் கூப்பிடவில்லை. இரவு பத்தரை, பதினொன்றுக்குத்தான் தபால் வந்திருக்கிறது என்ற சாக்கில் ஒருவர் உள்ளே போனார். தரையில் கிடந்தார் ஸ்டாலின், உடை நனைந்திருந்தது, பேச்சு இல்லை. பெரியா வந்து பார்த்துவிட்டு, தூங்குகிறவரை ஏன் தொந்தரவு செய்கிறீர்கள் என்று காவலர்களையே திட்டினார். மருத்துவர்கள் வந்தது மார்ச் 2 காலை. வந்தவர்களுக்குச் சட்டையைக் கழற்றவே கை நடுங்கியதாம். அட்டை விட்டு ரத்தம் எடுத்தார்கள்.

அவருடைய பழைய மருத்துவர் வினோகிராடோவ் அப்போது சிறையில். ஓய்வெடுங்கள் என்று சொன்னவர். மருத்துவர்கள் எல்லாம் சதிகாரர்கள் என்று ஜனவரி 13 அன்று கட்சிப் பத்திரிகையான பிராவ்தாவில் போட்டாகிவிட்டது. ஆக, அவர் தன் சாவைத் தானே முன்னுக்கு இழுத்துக்கொண்டார் என்றுகூடச் சொல்லலாம். வினோகிராடோவ் பக்கத்தில் இருந்து, அறைக்குள் போகக் காவலர்கள் பயப்படாமலும் இருந்திருந்தால்? இன்னும் ஒன்றிரண்டு வருஷம் ஓட்டியிருப்பார். கொரியாவில் 1954-இலும் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். எல்லாரும் "முன்னால் செத்திருந்தால்" என்றே கேட்கிறோம், "பின்னால் செத்திருந்தால்" என்று யாரும் கேட்பதில்லை.

(அதே மார்ச் 5 அன்று இசையமைப்பாளர் புரோகோஃபியேவும் மாஸ்கோவில் செத்தார். ஊரிலிருந்த பூவெல்லாம் ஸ்டாலினுக்குப் போய்விட்டதால் அவருக்குப் பூ கிடைக்கவில்லை என்பார்கள்.)

மார்ச் 9

சம்பந்தமில்லாமல் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்கொரியாவில் சுவோனில் வேலையில் இருந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உடன் வேலை செய்த கொரிய நண்பரோடு இம்ஜின்காக் போனேன். எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற பூங்கா. ராட்டினம், மீன்கேக் கடை, குழந்தைகள் கூட்டம், நடுவில் துருப்பிடித்த ஒரு நீராவி எஞ்சின். 1950 கடைசி நாளில் வடக்கிலிருந்து பின்வாங்கி வந்த வண்டி, எதிரி கைக்குப் போய்விடக்கூடாது என்று ஐ.நா. படையே சுட்டுத் தள்ளியது. பாய்லர் முழுக்க ஓட்டை. விரல் விட்டால் நுழைகிற ஓட்டை, பக்கத்திலேயே உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்த தகடு. ஆயிரத்துச் சொச்சம் ஓட்டை என்று பலகையில் எழுதியிருந்தது. நண்பர் அதைப் பார்க்கவே இல்லை, கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவர் தாத்தா கேசொங்காரர்.

அப்போதுதான் சட்டென்று உறைத்தது. கேசொங் 38-ஆம் கோட்டுக்குத் தெற்கே இருக்கிற ஊர். போருக்கு முன்னால் தென்கொரியாவுக்குச் சொந்தம். 1951 கோட்டில் வடக்கே போய்விட்டது, 1953 கோட்டிலும் வடக்கேதான். சண்டை ஒரு வருஷம் முன்னால் நின்றிருந்தாலும் அந்தத் தாத்தாவுக்கு ஊர் திரும்பக் கிடைத்திருக்காது. வரைபடம் மாறாது என்று மேலே சுலபமாக எழுதிவிட்டேன், அதற்குள் இப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள்.

மார்ச் 9, இரவு

எஞ்சின் என்றதும் ரங்கராஜைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர். லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், முன்னெழுத்து ஏ என்பது ஆற்காடு. இந்தியா கொரியாவுக்குச் சண்டைப் படை அனுப்பவில்லை, 60-ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதன் தலைவர் இவர். 1950 டிசம்பரில் பியோங்யாங்கைக் காலி செய்யும்போது மருத்துவச் சாமான்களைப் போட்டுவிட்டு ஓடிவரச் சொன்னார்கள். இவர்கள் ஒரு பழைய நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் தேடிப்பிடித்து, வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பாய்லரை நிரப்பி, எஞ்சின் ஓட்டத் தெரிந்த சிப்பாய்களை வைத்தே ஓட்டிக்கொண்டு பாலம் தகர்வதற்கு முன்னால் ஆற்றைத் தாண்டினார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது.

மார்ச் 11

"ஸ்டாலின் செத்ததும் சமாதானம் என்றால் ஏப்ரலிலேயே முடிந்திருக்கவேண்டுமே, ஜூலை வரை ஏன்?" நல்ல கேள்வி.

சிங்மன் ரீ. தென்கொரிய அதிபர், கிழவர். போரை நிறுத்தவே கூடாது, வடக்கே போயே ஆகவேண்டும் என்று நின்றார். எல்லாம் கூடிவந்த நேரத்தில், ஜூன் 18 அன்று, முகாம் கதவுகளைத் திறந்து சுமார் 27,000 வடகொரியக் கைதிகளை வெளியே விட்டுவிட்டார். யாரைப் பற்றி இரண்டு வருஷம் பேசினார்களோ அவர்களே ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்குள் கலந்துவிட்டார்கள். சீனா ஆத்திரத்தில் கும்சொங்கில் தென்கொரியப் படையைப் போட்டு நொறுக்கியது. போர்க் சாப் குன்றில் ஏப்ரலில் சண்டை, ஜூலையில் மறுபடி சண்டை, ஜூலை 11 அன்று அமெரிக்கர்கள் அதை அப்படியே விட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள். கையெழுத்துக்குப் பதினாறு நாள் முன்பு. ரீ கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை, ஆனால் அமெரிக்காவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் வாங்கிக்கொண்டார். கெட்டிக்காரர், மறுப்பதற்கில்லை.

ஆகவே என் 1952 கணக்கிலும் ரீ மூன்று நாலு மாதத்தைத் தின்றிருப்பார். 1952 மார்ச்சில் ஸ்டாலின் செத்தால் ஆகஸ்டில் போர்நிறுத்தம். மிச்சமாவது சுமார் ஒரு வருஷம்: வெள்ளைக் குதிரைக் குன்று, சீனர்கள் இன்றைக்கும் கொண்டாடும் சாங்கான்லிங், போர்க் சாப், கும்சொங், அணைகள், இவை எதுவும் இல்லை. இதுதான் என் விடை. போரின் முடிவு இதேதான், பிணங்கள் குறைவு.

மார்ச் 12

கைதிகள் கடைசியில் என்ன ஆனார்கள் என்று கேட்டவருக்கு. திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்டவர்களை ஜெனரல் திம்மையா தலைமையிலான நடுநிலை ஆணையத்திடமும் இந்தியக் காவல் படையிடமும் ஒப்படைத்தார்கள். சீனக் கைதிகளில் 14,000-க்கும் அதிகம் பேர் தைவான் போனார்கள். வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம் என்ற 88 பேர், 76 கொரியர்கள், 12 சீனர்கள், இந்தியப் படையோடேயே கப்பலேறி 1954 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். பலர் பிற்பாடு பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போய்விட்டார்கள், சிலர் இந்தியாவிலேயே தங்கிவிட்டார்கள். எந்த 118-ஆவது பிரிவுக்காகப் போர் ஒன்றரை வருஷம் நீண்டதோ அந்தப் பிரிவு எழுதியவர்கள் இப்படி ஒரு வகை ஆட்களை நினைத்தே பார்த்திருக்கமாட்டார்கள்.

மார்ச் 15

போர் சீக்கிரம் முடிந்திருந்தால் ஜப்பான் என்ன ஆகியிருக்கும் என்று பொருளாதாரக்காரர் ஒருவர். பெரிதாக மாறியிருக்காது. முடங்கிக் கிடந்த டொயோட்டாவைத் தூக்கி நிறுத்திய அமெரிக்க லாரி ஆர்டர்கள் 1950-இலேயே வந்துவிட்டன. அமெரிக்க ராணுவச் செலவு மூன்று மடங்குக்கு மேல் ஏறியதும் முதல் இரண்டு வருஷத்தில்தான். இதில் ஸ்டாலின் கணக்குப் பொய்த்தது: அமெரிக்காவைக் கொரியாவில் கட்டிப்போட நினைத்தார், அது ஐரோப்பாவிலும் சேர்த்து ஆயுதம் குவித்தது.

மார்ச் 16

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "சர்வாதிகாரி செத்தால் சமாதானம் என்பதை விதியாக்கிவிடாதீர்கள்" என்கிறார். ஆக்கவில்லை அண்ணே. அதே கொரியாவில் எதிர் உதாரணமும் இருக்கிறது. 1994-இல் அணு உலைத் தகராறு முற்றி, ஜூனில் ஜிம்மி கார்ட்டர் பியோங்யாங் போய்ப் பேசி, தென்கொரிய அதிபர் கிம் யங்-சாமும் கிம் இல்-சுங்கும் ஜூலை 25 அன்று சந்திப்பதாக முடிவானது. இரு கொரியத் தலைவர்களின் முதல் சந்திப்பாக இருந்திருக்கும். ஜூலை 8 அன்று கிம் இல்-சுங் மாரடைப்பில் செத்துப்போனார். அனுதாபம் தெரிவிக்கலாமா கூடாதா என்றே தெற்கில் பெரிய சண்டை. அமெரிக்காவோடு அணு ஒப்பந்தம் அக்டோபரில் ஜெனீவாவில் எப்படியோ கையெழுத்தாகிவிட்டது. இரு தலைவர்கள் சந்திப்பு மட்டும் 2000 ஜூன் வரை நடக்கவில்லை.